வெள்ளன்னம் புட்டுப்பொடியில் கிடந்த கம்பி

ஜனவரி 12, ஞாயிறு

எழுத்து கோணலாக இருக்கிறது, மன்னிக்கவும். யாரிடம் கேட்கிறேன்? இந்த நோட்டை என்னைத் தவிர யாரும் வாசிக்கப் போவதில்லை. சரி, பின்னால் ஒருநாள் இதை எடுத்து வாசிக்கப்போகும் கிழவன் ஔதக்குட்டி சிரமப்படுவானே, அவனிடம்தான் கேட்டுக்கொள்கிறேன். ஆயுள் முழுக்க வள்ளம் என்னும் படகை ஊன்றும் கழியைப் பிடித்த கை இது. பேனா உள்ளே இருக்கிறதா என்று அவ்வப்போது விரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. கோட்டின் மேல் ஏற்றி வைத்த எழுத்து, அடுத்த எழுத்தைப் போடுவதற்குள் வழுக்கித் தண்ணீரில் இறங்கிவிடுகிறது.

மலையாள எழுத்தறிவு வகுப்பில் ரெஜீனா டீச்சர் சொன்னார்: "அப்பச்சா, தினமும் ஏதாவது எழுதணும். ஒண்ணும் தோணலைன்னா என்ன சாப்பிட்டீங்கன்னு எழுதுங்க."

சாப்பிட்டது: கப்பக்கிழங்கு, மத்திக் குழம்பு. இதை எழுதி முடிப்பதற்குள் மறுபடி பசி வந்துவிட்டது.

ஆனால் என்ன ஒரு சுகம்! படகுத்துறையில் ஒரு பலகை இருக்கிறது. இத்தனை வருஷமாக அதில் சாய்ந்துதான் பீடி பிடித்தேன். போன வாரம்தான் வாசித்தேன். 'பலகையில் சாயக் கூடாது' என்று எழுதியிருக்கிறது.

என் பெயர் ஔ-வில் தொடங்குகிறது. வகுப்பில் வேறு யாருக்கும் அந்த எழுத்து வேண்டியிருக்கவில்லை. டீச்சரே அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். நான் விடவில்லை. முதலில் படித்ததே அதைத்தான். யானை ஒன்று பக்கத்தில் குட்டியோடு நிற்பதுபோல இருக்கும். யார் கேட்டாலும் போட்டுக் காட்டுவேன். கேட்காவிட்டாலும் காட்டுவேன்.

நாளை மறுநாள் கோயிலுக்கு வந்திருக்கும் புதுப் பாதிரியார், விகாரி அச்சன், நம் வீட்டை ஆசீர்வதிக்க வருகிறார். என் மனைவி திரேசியா இப்போதே புட்டுக்குடத்தைத் தேய்க்க உட்கார்ந்துவிட்டாள்.


ஜனவரி 14, செவ்வாய்

தூக்கம் வரவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

அச்சன் வந்தார். கூடவே கப்யார் லூயி, கோயில் மணியடிக்கிறவன், குடை பிடித்துக்கொண்டு. ஜெபம் முடிந்தது. திரேசியா புட்டும் பயறும் வைத்தாள். இடித்த மாவு இல்லை. மருமகள் ஜின்சி கடையில் வாங்கி வந்த வெள்ளன்னம் பாக்கெட். இப்போது யார் வீட்டில் இடிக்கிறார்கள்?

அச்சன் இரண்டாவது வாய் புட்டில் நிறுத்திவிட்டார். முகம் சுருங்கியது. வாயில் விரலை விட்டு எடுத்தார். கம்பி! நகத்தின் நீளம், நூலின் கனம். ஈறு கிழிந்து வெள்ளை அங்கியில் ஒரு சொட்டு இரத்தம்.

அச்சன் கம்பியைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். லூயிதான் முதலில் பேசினான். "வேறென்ன, பாத்திரம் தேய்க்கிற கம்பிச்சுருளா இருக்கும்."

ஜின்சி சொன்னாள்: "அம்மச்சிக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்ல அச்சா. நான்தான் பார்த்திருக்கணும்."

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் திரேசியா அந்த நேரம் என்னைப் பார்த்த பார்வை— நான் ஏன் ஒன்றும் சொல்லவில்லை? எங்க வீட்டுல கம்பிச்சுருளே கிடையாதுடா லூயின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? தேங்காய் நாரும் சாம்பலும் தவிர அவள் கை வேறெதையும் தொட்டதில்லை. நாக்கு வரவில்லை. அச்சன் முன்னால் நாக்கு வரவில்லை.


ஜனவரி 15

இன்று ஜின்சி சமைத்தாள். உப்பு அதிகம். எல்லோரும் தண்ணீர் குடித்தோம்.


ஜனவரி 16, வியாழன்

வகுப்பில் கம்பிக் கதையைச் சொன்னேன். கொச்சுபெண்ணு கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். அவள் என்னைவிட மூத்தவள், இன்னும் ககரத்திலேயே நிற்கிறாள். டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார்.

"பாக்கெட்டை வீசிட்டீங்களா?"

"இல்ல. ஜின்சி துணிக் கிளிப் போட்டு வச்சிருக்கா."

"அப்படியே இருக்கட்டும். மிச்ச மாவைத் தொடாதீங்க. கம்பியைத் தனியா மூடி வையுங்க, கழுவ வேணாம். ரெண்டையும் ஃபோட்டோ எடுக்கச் சொல்லுங்க. கடை ரசீதைத் தேடுங்க. கம்பெனிக்காரன் வந்து கேட்டா கம்பியை மட்டும் குடுத்துடாதீங்க அப்பச்சா. அதுதான் சாட்சி."

வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை விடாமல் திரேசியாவிடம் ஒப்பித்தேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கேட்டாளா இல்லையா தெரியவில்லை. கம்பியை எடுத்து எங்கேயோ வைத்தாள். ஜின்சி படம் எடுத்தாள். ரசீதும் அவள் கைப்பையில் இருந்தது. நல்ல பிள்ளைதான்.

பாக்கெட்டை என் கட்டிலடியில் வைத்திருக்கிறேன். அதில் ஓர் அன்னம் கழுத்தை வளைத்துச் சிரிக்கிறது. கோபத்தில் அதன் கண்ணைப் பேனாவால் குத்தப் போனேன். பிறகு, சாட்சியின் கண்ணைக் குத்தலாமா என்று பயந்து விட்டுவிட்டேன்.


ஜனவரி 17, வெள்ளி

லூயி வந்தான். வாசலிலேயே நின்றான்.

"பிப்ரவரி இருபத்துமூணு கோயில் பெருநாள். அம்மச்சிக்கு இந்த வருஷம் ஓய்வு குடுக்கலாம்னு கமிட்டியில பேசிக்கிட்டாங்க."

பெருநாள் நேர்ச்சையாகச் சனத்துக்குப் போடும் பாச்சோற்றைக் கிண்டும் அடுப்பு திரேசியாவுடையது. அவள் தேங்காய்ப்பால் ஊற்றிய பிறகுதான் மற்றவர்கள் கரண்டி எடுப்பார்கள். கல்யாணமாகி வந்த மறுவருஷம் அவளுடைய மாமியார், என் அம்மா, கையில் கொடுத்த இடம் அது.

"அடுப்பில யாரு நிக்கறா?" என்று கேட்டாள் திரேசியா.

"அது... என் வீட்டுக்காரி."

"அவளுக்குப் பால் திரிஞ்சா தெரியுமா?"

"அம்மச்சி, வருத்தப்படாதீங்க. பத்து ஊர்ச் சனம் சாப்பிடற சாப்பாடு. நாளைக்கு ஒரு கொழந்தை வாயில கம்பி—"

எழுந்தேன். என் வள்ளக் கழி இன்னும் கூரைச் சட்டத்தில்தான் செருகியிருக்கிறது. திரேசியா என் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

அவன் போன பிறகு ஒன்றே ஒன்று சொன்னாள். "இச்சாயா, அந்த அன்னத்தோட கழுத்தை முறிச்சுப் போடணும்."

முறிப்பேன். இங்கே எழுதி வைக்கிறேன், கோணலாக இருந்தாலும் எழுத்து எழுத்துதான்: முறிப்பேன்.


ஜனவரி 18, சனி

பாக்கெட்டின் பின்பக்கத்தில் எறும்புபோல எழுத்துகள் ஊர்கின்றன. ஒன்றொன்றாகப் பிடித்தேன். 'புகாருக்கு அழைக்க' என்று ஓர் எண் கிடைத்தது. என் கண்ணால், யார் துணையும் இல்லாமல்! கொஞ்ச நேரம் கோபமே மறந்துபோய் ஜின்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவள் ஃபோனில் போட்டுக் கொடுத்தாள். ஒரு பெண் குரல், தேன்.

"பேட்ச் நம்பர் சொல்லுங்க சார்."

அதுவும் கண்டுபிடித்து வைத்திருந்தேன், புள்ளிப் புள்ளியாக அடித்த எழுத்து. கம்பீரமாக வாசித்தேன். "ட. அப்புறம் மூச்சு விட்டுச் சொல்ற ட. அப்புறம் ரெண்டு, நாலு."

"சார்?"

"ட! டஅஅ!"

அந்தப் பக்கம் நாலைந்து பேர் சிரித்தார்கள். தேன் குரலும் சிரித்தது. "அப்படி ஒரு பேட்ச் எங்ககிட்ட இல்லியே அப்பச்சா. எங்க பாக்கெட்தானான்னு பாருங்க."

ஜின்சி வாங்கிப் பார்த்தாள். அவளுக்கும் சிரிப்பு, அடக்கிக்கொண்டாள். "அப்பச்சா, இது நம்ம மலையாள எழுத்தில்ல. இங்கிலீஷ். வளைஞ்சு கிடக்கறது எஸ். வட்டமா இருக்கறது ஓ."

நான் என்ன கண்டேன்? எஸ் என்பது அச்சு அசல் நம் மலையாள ட மாதிரி வளைந்துதான் கிடக்கிறது. ஓ என்பது நம் மூச்சு விட்டுச் சொல்லும் ட மாதிரி வட்டமாகத்தான் இருக்கிறது. நம் எழுத்தைத் திருடிவிட்டு நம்மையே சிரிக்கிறார்கள்.

ஜின்சியிடம் சொன்னேன்: "இங்கிலீஷையும் சொல்லிக் குடு. வேற எதுக்கும் வேணாம். இவங்களை முடிக்கற வரைக்கும் போதும்."

சாப்பிட்டது: கஞ்சி. படித்தது: இங்கிலீஷில் ஏழு எழுத்து.


ஜனவரி 20, திங்கள்

இன்று நடந்ததைக் கொஞ்சம் பெருமையாகவே எழுதுகிறேன்.

கம்பெனியிலிருந்து ஆள் வந்தான். படகைவிட்டு இறங்கும்போதே சிரிப்பு. பெயர் டென்சன். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு எப்படித்தான் இத்தனை சிரிக்கிறானோ. கையில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி: அப்ப மாவு, சாம்பார்ப் பொடி, சேமியா, மேலே புட்டுப்பொடி. புட்டுப்பொடி! வெட்கம் இல்லை.

"அப்பச்சா, நாங்க ரொம்ப வருத்தப்படறோம். கம்பியைக் குடுங்க, லேப்ல பார்த்துச் சொல்றோம். இது வந்துட்டுப் போனதுக்கு ஒரு ரசீது மாதிரி." காகிதம் ஒன்றை நீட்டினான். அப்புறம் பையிலிருந்து சின்ன டப்பா ஒன்றைத் திறந்தான். மை.

"கைநாட்டு போதும். அப்பச்சன் சிரமப்பட வேணாம்."

எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. "மூடு அந்த டப்பாவை. பேனா குடு."

போட்டேன். ஔ. யானையும் குட்டியும். பிறகு த. பிறகு க்கு, பிறகு ட்டி. டென்சன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாரு, நல்லா பாரு, உன் கம்பெனியில போய்ச் சொல்லு. ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. இதைவிட அழகாக நான் என் பெயரை எழுதியதே இல்லை.

திரேசியா அடுக்களைக்குள் போய் ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் பிரித்துக்கூடப் பார்க்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். என் காகிதத்தின் நகல் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனான். பெட்டியைத் திருப்பி எடுத்துப் போகச் சொன்னேன். அதுவும் பெருமைதான்.

சாப்பிட்டது: கரிமீன் வறுவல். முள் நிறைய.


ஜனவரி 21, செவ்வாய்

வகுப்பில் சொன்னேன். "டீச்சர், ஒப்பு போட்டேன்! என் முதல் கையெழுத்து!" எல்லோரும் கை தட்டினார்கள்.

டீச்சரும் தட்டினார். பிறகு கேட்டார்: "அந்தக் காகிதத்துல என்ன எழுதியிருந்துச்சு அப்பச்சா?"

கை தட்டல் நின்றது.

கொச்சுபெண்ணு மட்டும் மெல்லச் சொன்னாள்: "எனக்கு எழுத்து தெரியாது. கட்டைவிரலைக் கேட்டா நாலு பேரை வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டுத்தான் குடுப்பேன். நீங்க படிச்ச ஆளு."

நானும் அப்படித்தான் இருந்தேன். கைநாட்டுக்காரன் ஔதக்குட்டியை ஒருத்தனும் ஏமாற்றியதில்லை.


ஜனவரி 22, புதன்

நகலை வாசித்தேன். படகுத்துறையில் உட்கார்ந்து, வெயில் சாயும் வரை.

'என் வீட்டுச் சமையலறையில் கவனக்குறைவால் விழுந்த கம்பி என்று எனக்குத் தெளிவாகிவிட்டது. கம்பியைத் திருப்பி ஒப்படைத்தேன். எனக்குப் புகார் எதுவும் இல்லை.' கீழே யானையும் குட்டியும்.

க-வ-ன-க்-கு-றை-வு. நான் தனியாக உட்கார்ந்து வாசித்ததில் இதுவரை நீளமான சொல் அதுதான். அது என் பெண்டாட்டியைப் பற்றிய சொல். கீழே என் பெயர்.

மாபாவி. சிரிச்சுக்கிட்டே வந்தியேடா. மை டப்பாவைத் திறந்தியே, எனக்கு ரோஷம் வரும்னு தெரிஞ்சுதானே திறந்தே?

வீட்டுக்கு வந்து திரேசியாவிடம் வாசித்துக் காட்டினேன். முழுக்க. அவள் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஒப்பு நல்லா வந்திருக்கா?" என்று கேட்டாள்.

"நல்லா வந்திருக்கு."

"அது போதும்."

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.


ஜனவரி 23

வகுப்புக்குப் போகவில்லை.


ஜனவரி 24, வெள்ளி

டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார். "ஒப்பு போட்டா எல்லாம் முடிஞ்சுதுன்னு யார் சொன்னா? உணவுப் பாதுகாப்பு அலுவலகம்னு ஒண்ணு இருக்கு. அவங்களுக்கு நீங்க எழுதுங்க. நான் எழுதித் தர மாட்டேன். உங்க கையெழுத்துல போகட்டும்."

நாள் முழுக்க எழுதினேன். மூன்று தாள் கிழித்தேன். எல்லாம் எழுதி, கடைசியில் இப்படி முடித்தேன்: 'ஒப்பு என்னுடையது. அதை நான் வாசிக்கவில்லை. இப்போது வாசித்தேன். என் மனைவிமேல் பொய் எழுதியிருக்கிறது. அவர்களை விடாதீர்கள்.'

கடைசி வரி வேண்டாம் என்றார் டீச்சர். வேண்டும் என்றேன்.

ஜின்சி படங்களையும் ரசீதையும் சேர்த்து அனுப்பினாள். பேட்ச் நம்பரை நானே எழுதினேன். எஸ். ஓ. ரெண்டு. நாலு. ட இல்லை.


பிப்ரவரி 1, சனி

அதிகாரி வந்தார். சின்ன வயசுப் பெண், பெரிய பை. கட்டிலடியிலிருந்து பாக்கெட்டை எடுத்தார். துணிக் கிளிப்பைப் பார்த்துத் தலையசைத்தார். திறந்த பாக்கெட் மட்டும் போதாதாம். கடைக்குப் போய் அதே பேட்சில் பிரிக்காத பாக்கெட்டுகளைத் தேடினோம். கடைக்காரன் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்ட, நான்தான் வாசித்தேன்.

"எஸ் ஓ ரெண்டு மூணு. இது இல்ல. எஸ் ஓ ரெண்டு நாலு. எடு!"

கடைக்காரன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "ஔதச் சேட்டனா இது? இங்கிலீஷெல்லாம்!"

"வஞ்சத்துல படிச்சது" என்றேன்.

அதிகாரி சீல் வைத்து எடுத்துக்கொண்டார். வீட்டுக்குத் திரும்பியதும் கம்பியைக் கேட்டார். கம்பெனிக்காரனிடம் கொடுத்துவிட்டோம் என்று சொல்லும்போது எனக்குத் தலை நிமிரவில்லை.

"கம்பி இல்லாம கொஞ்சம் கஷ்டம். ரெண்டு தரப்பையும் கூப்பிட்டு விசாரிக்கறேன். அம்மச்சியும் வரணும்."

திரேசியா அடுக்களைக் கதவில் சாய்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். 


பிப்ரவரி 6, வியாழன்

இன்றைக்கு நடந்ததை எழுத எனக்குத் தெரிந்த எழுத்து போதுமா? முயற்சி செய்கிறேன்.

படகு, பிறகு பேருந்து, பிறகு ஆபீஸ் மாடி. திரேசியா பெருநாளுக்கு உடுத்தும் சட்டையும் முண்டும் உடுத்தி, ஜெபமாலைச் செப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். ஜெபம் செய்யப் போகிறாள் என்று நினைத்தேன். வேறு வழி இல்லையே என்று நானும் மனசுக்குள் கூடவே சொன்னேன்.

டென்சன் வந்திருந்தான். டை கட்டியிருந்தான். என் ஒப்பை மேசைமேல் விரித்து வைத்தான். அவ்வளவு அழகான ஒப்பு. பார்க்கவே பிடிக்கவில்லை.

அதிகாரி கேட்டார்: "இவங்க குடுத்த கம்பி எங்கே?"

"லேப்ல சோதனை பண்ணியாச்சு மேடம். பாத்திரம் தேய்க்கற ஸ்டீல் சுருள். வீட்டுல உபயோகிக்கறது. அறிக்கை இதோ."

"இவங்க குடுத்த பொருளைத்தான் சோதிச்சீங்களா? மாறிப் போகலியே?"

"எப்படி மாறும் மேடம்? அம்மச்சி என் கையில குடுத்தாங்க. நானே பிரிச்சேன், நானே லேப்ல ஒப்படைச்சேன். இவ்வளவு நீளம், கறுப்புத் துரு ஏறின கம்பி."

"எழுதித் தருவீங்களா?"

"தாராளமா." எழுதினான். ஒப்பும் போட்டான். சுள்ளென்று ஒரு கிறுக்கல், எழுத்தே இல்லை.

அப்போது திரேசியா சிரித்தாள்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. துக்கத்தில் சித்தம் கலங்கிவிட்டதோ என்று. முண்டின் நுனியை வாயில் அடைத்துக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"என்ன அம்மச்சி?" என்றார் அதிகாரி.

"மோளே, நான் அவருக்குக் குடுத்தது கரிமீன் முள்ளு."

யாருக்கும் புரியவில்லை.

"மத்தியானம் மீன் வறுத்தேன். இச்சாயன் தட்டுல ஒதுக்கி வச்ச முள்ளு. அதை மடிச்சுக் குடுத்தேன். கரிமீன் முள்ளுக்குத் துரு ஏறுமா மோளே? உங்க லேப்ல ஏறுமா?"

ஜெபமாலைச் செப்பைத் திறந்து மேசைமேல் கவிழ்த்தாள். மாலைக்கு அடியில் வாழையிலைத் துண்டு. அதற்குள் எங்கள் கம்பி, புட்டுமாவு ஒட்டியபடியே.

டென்சன் சிரிக்கவில்லை. எத்தனை நாள் காத்திருந்தேன் அதற்கு! அந்த முகத்திலிருந்து சிரிப்பு இறங்கிப் போனதை நான் கண்ணாலே பார்த்தேன். வேலியேற்றத்தில் ஏறிய தண்ணீர் வடிந்து சேறு தெரிகிறாற்போல.

"பொட்டலம்... ஆபீஸ்ல... யாரோ மாத்தி..." என்றான்.

"நானே பிரிச்சேன்னு இப்பத்தான் எழுதிக் குடுத்தீங்க" என்றார் அதிகாரி. கண்ணாடி வில்லையை வைத்துக் கம்பியைப் பார்த்தார். ஜின்சி எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "தேய்க்கற சுருள் பட்டையா இருக்கும். இது உருண்டை. சம இடைவெளியில நெளிவு வேற இருக்கு. பின்னல்ல இருந்து வந்தது. உங்க மில்லு சல்லடையை நான் பார்க்கணும்."

மாடிப்படியில் இறங்கும்போது கேட்டேன். "அடியே, எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே? நான் செத்துப் பிழைச்சேனே?"

"சொன்னா? அன்னைக்கே படகுத்துறையில நின்னு பாடியிருப்பீங்க. யாருக்கும் குடுக்காதேன்னு டீச்சர் சொன்னதை எங்கிட்ட வந்து ஒப்பிச்சது யாரு?"

"நான்."

"மறந்தது யாரு?"

 பேருந்து நிலையத்தில் அவளுக்கு ஒரு பழம்பொரி வாங்கிக் கொடுத்தேன். எனக்கு ஒன்று.


பிப்ரவரி 11, செவ்வாய்

மில்லில் சல்லடை கிழிந்து, கம்பி போட்டுக் கட்டியிருந்ததாம். பிரிக்காத பாக்கெட் ஒன்றிலும் ஒரு துண்டு கிடைத்ததாம். எஸ் ஓ ரெண்டு நாலு முழுவதையும் கடைகளிலிருந்து திருப்பி எடுக்கச் சொல்லிவிட்டார்கள். மில் பூட்டிக் கிடக்கிறது. மேல்விசாரணை வரும் என்றார் அதிகாரி.

செய்தியை நானே பேப்பரில் வாசித்தேன், திரேசியாவுக்கு. மறுபடி வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். 'பூட்டப்பட்டது' என்ற சொல்லை மட்டும் தனியாக இன்னொருமுறை கேட்டாள்.


பிப்ரவரி 13, வியாழன்

அச்சன் நேரில் வந்தார். லூயியும் பின்னால், குடைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டு.

"அம்மச்சி வந்து அடுப்பில நிக்கணும்" என்றார் அச்சன். "எனக்கு அன்னைக்கே சந்தேகம் இருந்தது. சொல்லாம விட்டது என் தப்பு."

திரேசியா உள்ளே போனாள். உரலில் இடித்த மாவில் புட்டு அவித்துக் கொண்டுவந்து வைத்தாள். இரண்டு தட்டு. "முதல்ல சாப்பிடுங்க." அச்சன் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார். லூயி ஒவ்வொரு வாயையும் நாக்கால் துழாவித் துழாவி விழுங்கினான். அவன் தட்டு காலியாகும் வரை அவள் பக்கத்தில் நின்றாள். இன்னும் கொஞ்சம் வைத்தாள்.

பிறகு சொன்னாள்: "வீடு வீடா என் பேர் போச்சு அச்சா. கம்பி அவங்க மில்லோடதுதான்னு கம்பெனிக்காரன் எழுதித் தரணும். பெருநாள் அன்னைக்குக் கோயில் முற்றத்துல அதை வாசிக்கணும். அப்புறம் கரண்டி எடுக்கறேன்."

"சரி. நானே வாசிக்கறேன்."

"வேணாம். எங்க ஆளு வாசிப்பாரு."

எழுத்து தெரியாத என் பெண்டாட்டி என்னைப் பார்க்காமலே சொன்னாள். பழைய பேப்பரை எடுத்து உரக்க வாசித்துப் பழகப் போகிறேன். நிறுத்துகிறேன்.


பிப்ரவரி 16, ஞாயிறு

டென்சன் வந்தான். டை இல்லை. அட்டைப்பெட்டியும் இல்லை. மை டப்பாவைப் பற்றிப் பேச்சே இல்லை. அதிகாரி பேசினாரோ, கம்பெனியே பயந்ததோ, காகிதம் கொண்டுவந்திருந்தான். ஒரு பக்கம் முழுக்க, பெரிய எழுத்தில்.

"அப்பச்சா, பெற்றுக்கொண்டேன்னு கீழே ஒரு ஒப்பு போட்டா, நான் நாலு மணிப் படகைப் பிடிச்சுடுவேன்."

"உட்காரு" என்றேன். "வாசிச்சுட்டுப் போடறேன்."

"நான் வாசிச்சுச் சொல்லட்டுமா?"

"எனக்கு வாசிக்கத் தெரியும்."

கண்ணாடியைத் துடைத்தேன். நிதானமாகத் துடைத்தேன். ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுத் தொட்டு, விட்ட இடத்தில் மறுபடி தொடங்கி, சந்தேகம் வந்த இடத்தில் வரியின் தலைக்கே திரும்பிப் போய். 'நிறுவனம்' என்ற சொல்லிலேயே நாலு மணிப் படகு ஊதிக்கொண்டு போய்விட்டது.

"எங்-கள்... மில்-லில்... சல்... சல்-ல..."

"சல்லடை அப்பச்சா."

"நீ சொல்லாதே. நான் கண்டுபிடிக்கறேன்."

திரேசியா அவனுக்குப் புட்டு வைத்தாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "சாப்பிடு மோனே, இது லேப்ல பார்த்தது" என்றாள். சாப்பிட்டான். டீ வைத்தாள். டீ ஆறியது. ஜின்சி கதவுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் என் விரல் போகும் இடத்தையே பார்த்தான். நெற்றியில் வியர்வை. அன்று நான் ஒப்புப் போட்டபோது இதே நாற்காலியில்தான் இருந்தான்.

'சல்லடை கிழிந்திருந்ததால் கம்பி எங்கள் மாவில் கலந்தது. திரேசியா அம்மையாரின் சமையலறையில் எந்தக் குறையும் இல்லை.' அந்த இடத்தை அடையும்போது விளக்கு வைக்கும் நேரம். அந்த வரி எனக்கு நன்றாகவே புரிந்துவிட்டது. இருந்தாலும் புரியவில்லை என்று சொல்லி இன்னும் இரண்டு தரம் வாசித்தேன். உரக்க. அடுக்களைவரை கேட்கும்படி.

கடைசிப் படகுக்கு மணி அடித்தார்கள். இன்னும் பாதிப் பக்கம் பாக்கி.

"அப்பச்சா, தயவு செஞ்சு ஒப்பு..."

"வாசிக்காம ஒப்பு போடறது தப்பு மோனே. நீதான் கத்துக் குடுத்தே. அடுத்த ஞாயிறு பெருநாளுக்கு வா. கொடிமரத்துப் பக்கம் நில்லு. எல்லார் முன்னாடியும் முதல்ல இருந்து வாசிக்கறேன், மிச்சப் பாதியையும் சேர்த்து. முடிஞ்சதும் ஒப்பு. அப்புறம் பாச்சோறு சாப்பிட்டுட்டுப் போலாம்."

போனான். படகில் ஏறும்போது கால் வழுக்கியது. விழவில்லை, அது ஒன்றுதான் குறை.

சாப்பிட்டது: புட்டு, பயறு, பப்படம். கம்பி இல்லை. திரேசியா தேங்காய்களைத் தட்டித் தட்டிப் பெருநாளுக்கு ஒதுக்கிக்கொண்டிருக்கிறாள். அவன் என்னிடம் விட்டுப்போன காகிதத்தின் மிச்சப் பாதியில் என்ன இருக்கிறது என்று எனக்கு இன்னும் தெரியாது. எட்டிப் பார்க்க மாட்டேன். அடுத்த வாரம் முற்றத்தில் வாசித்துத் தெரிந்துகொண்டு இதே இடத்தில் எழுதி வைக்கிறேன். அதற்குள் 'அம்மையார்' என்ற சொல்லைத் திக்காமல் வாசிக்கப் பழக வேண்டும்.